கை காட்டினேன், அண்ணி

ஜனவரி 9

மிளகாய்க்கு,

உன் அண்ணன் ஒரு வாரமாக நச்சரிக்கிறார். "ஒரு வரி எழுதேன், கை தேஞ்சா போயிடும்?" என்கிறார். கை தேயாது என்பதால் எழுதுகிறேன். போன் செய்தால் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிக்கும் முன் பாதியாவது படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

உன் பூட்ஸ் பரண் மேல் கிடக்கிறது. சின்னவள் ஒன்றை எடுத்து அதில் கலர் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறாள். வேண்டுமானால் சொல், வாங்கித் துடைத்து அனுப்புகிறேன்.

இந்த வருஷக் கோப்பைக்கான அட்டவணை வந்துவிட்டது. சலவைக்கூடத்து வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். துறைமுகக் குளிர்கிடங்கு என்று ஓர் அணி. அதை முதலில் பார்த்தது நம் வேன் டிரைவர்தான். கோச் என்ற தோரணையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது நம்ம மிளகாய் போன இடமாச்சே" என்றார். இரண்டு அணியும் ஜெயித்துக்கொண்டே வந்தால் அரை இறுதியில் நேருக்கு நேர். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டிய போட்டி இது, அவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று நீயே சொல்லிக்கொள்வாய். போன வருஷம் நாம் இறுதி ஆட்டம்வரை வந்தோமே.

அதைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நீ, "தவறிப்போச்சு அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். யாருக்குத்தான் தவறாது? நீ என்னவோ கை காட்டினேன், கை காட்டினேன் என்று பிடித்த பிடியாக நின்றாய். நீ காட்டவில்லை. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவள் நான்.

குளிரில் வேலை செய்கிறாய். காதை மூடிக்கொள்.

உன் அண்ணி

*

ஜனவரி 18

அண்ணிக்கு,

பாதியில் கிழிக்கத்தான் எடுத்தேன். நீங்கள் சொன்னபடி முழுக்கப் படித்துவிட்டேன், அதற்காகவும் கோபம்.

பூட்ஸை அனுப்ப வேண்டாம். பென்சிலுக்காவது உதவட்டும்.

"தவறிப்போச்சு" என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, நான் ஞாபகப்படுத்துகிறேன். கோல் ஏதும் விழாத ஆட்டம், முடியப்போகிற நேரம். பந்து உங்கள் இடது பக்கமாக உருண்டு வருகிறது. நான் அவர்களுடைய ஆளை முதுகால் மறைத்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்து உங்களை நோக்கி நீட்டினேன். "உன்னுது." சலவைக்கூடத்தில் தினமும் நூறு தடவை காட்டுகிற கை. அந்த இயந்திரச் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும் என்றுதானே நாம் எல்லாவற்றுக்கும் கையை வைத்துக்கொண்டோம்? மார்பில் முஷ்டி என்றால் "என்னுது". விரித்த கை என்றால் "உன்னுது". தலைக்கு மேல் குறுக்குக் கை என்றால் "நிறுத்து". மைதானத்திலும் அதே பாஷை. மற்ற அணிகள் தொண்டை கிழியக் கத்தும், நாம் ஊமைப்படம் மாதிரி ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நான் காட்டினேன், பந்தை விட்டேன், நீங்கள் மரம் மாதிரி நின்றீர்கள். அவள் சுற்றி வந்து தட்டிவிட்டாள்.

எனக்கும் உங்களுக்கும் பின்னால் யாரும் இல்லை. எல்லோரும் முன்னால் இருந்தார்கள். பார்த்த சாட்சி கிடையாது. டிரைவர் கேட்டபோது நீங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்: "கையே காட்டல. அப்படியே நின்னுட்டா."

கோப்பை போனது எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் வேலைக்கு வந்தேனே, அது ஞாபகம் இருக்கிறதா? போர்வைகளை அழுத்தித் தேய்க்கிற பெரிய உருளையில் என்னோடு துணி கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. கொதிக்கிற உருளை, பக்கத்தில் நிற்பவள் காட்டும் கையை நம்பித்தான் விரலை நீட்டுகிறோம். காட்டாத கையைக் காட்டினேன் என்பவளோடு எவள் நிற்பாள்? என்னை அழுக்குத் துணி பிரிக்கிற மூலைக்குத் தள்ளினார்கள். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "விடுங்கடி, விளையாட்டுதானே!" அவரையும் உங்களையும் ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். அதுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

இங்கே என்னை முன்வரிசையில் போட்டிருக்கிறார்கள். பெனால்டியும் நான்தான் அடிக்கிறேன். கையைக் காட்டினால் ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை, எல்லோரும் காட்டுக் கத்தல். பழகிக்கொண்டிருக்கிறேன்.

சின்னவளுக்கு முத்தம். அவளுக்கு மட்டும்.

*

பிப்ரவரி 7

மிளகாய்க்கு,

உன் கடிதத்தைச் சின்னவள் பார்க்காமல் ஒளித்து வைத்தேன். மரம் என்று எழுதியிருக்கிறாயே, அவள் படித்தால் அதையே பெயராக வைத்துவிடுவாள்.

முதல் சுற்றில் பஸ் பணிமனைக்காரிகளை மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம். ஜெயித்தாலும் டிரைவர் முகம் கோணியது. நான் விட்ட இரண்டு கோலும் ஒரே மூலையில் விழுந்தன. "என்னம்மா, அந்தப் பக்கம் தூங்கப் போயிட்டியா?" என்று கேட்டார். புது இடது பின்வரிசைக்காரி சரியில்லை. ஆட்டம் தெரியும், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை, திடீரென்று எங்கிருந்தோ முளைக்கிறாள். உன்னைச் சொல்லவில்லை. நீ நிற்பாய்.

இந்த மாதமே எனக்குச் சரியில்லை. கதவு நிலையில் இடித்து இடது தோள் கன்றிப்போயிருக்கிறது. சின்னவள் வேறு, "பக்கத்துலயேதான் நிக்கிறேன், கண்ணு தெரியலையா உனக்கு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னமோ நான் அவர் சொத்தை எழுதி வாங்கியதுபோல.

இன்னொன்றும் நடந்தது. யாரிடமும் சொல்லி ஆறவில்லை, அதனால் உன்னிடம். ஒட்டடைக்குச்சியைத் தெரியுமல்லவா, நெட்டையாய், துணி மடிக்கிற பெண், இப்போது மாற்று கோல்கீப்பர் அவள்தான். போன செவ்வாய் உருளையில் என்னோடு நின்றாள். போர்வை அவள் பக்கம் சுருட்டிக்கொண்டது. "நிறுத்து" காட்ட வேண்டியதுதானே? காட்டவில்லை. நான் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தேன். என் சட்டைக் கை உள்ளே இழுபட்டது. யாரோ ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்கள். மணிக்கட்டில் ஒரு கோடு வெந்துபோனது, அவ்வளவுதான், பயப்படாதே. அவளுக்கும் இரண்டு விரல் பிசகிவிட்டது, என்னை இழுக்கப் போய். கத்தினேன். அவள் அழுதுகொண்டே, "சத்தியமா காட்டினேன்க்கா, ரெண்டு கையும் தூக்கிக் காட்டினேன்க்கா" என்கிறாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொய்ச் சத்தியம் சர்க்கரைப் பொங்கலாக இருக்கிறது.

களிம்பு போடுகிறேன். நீ ஜெயித்தாயா?

உன் அண்ணி

*

பிப்ரவரி 13

அண்ணி,

இரண்டு சுற்றும் ஜெயித்தாயிற்று. அதை விடுங்கள்.

ஒட்டடைக்குச்சி எந்தப் பக்கம் நின்றாள்?

உங்கள் கடிதத்தை முதலில் கோபமாகத்தான் படித்தேன். இன்னொருத்திக்கும் என் கதியா என்று. சாப்பாட்டு இடைவேளையில் திரும்பப் படித்தேன். சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். தோள் இடது. டம்ளர் எந்தக் கைப்பக்கம் இருந்தது? சின்னவள் எந்தப் பக்கம் நின்றாள்? இரண்டு கோலும் ஒரே மூலை என்கிறீர்களே, எந்த மூலை? திடீரென்று முளைக்கிறாளாமே அந்தப் பின்வரிசைக்காரி. மனுஷி முளைக்க மாட்டாள், அண்ணி. ஓடித்தான் வருவாள். வருவதை நீங்கள் பார்ப்பதில்லை.

நான் சொல்வதை ஒருமுறை செய்யுங்கள். சுவரில் காலண்டர் மாட்டிய ஆணிக்கு எதிரே உட்காருங்கள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஆணியை மட்டும் பாருங்கள். சின்னவளை ஒரு கரண்டியோடு இடது பக்கமாக மெதுவாக வரச் சொல்லுங்கள். எப்போது கரண்டி தெரிகிறது என்று பாருங்கள். அப்புறம் மற்றக் கண்ணுக்கும் அதேபோல.

இதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. என் ஊகம் சரியாக இருந்தால் நான் காட்டிய கை காட்டியதுதான் என்று ஆகிவிடும். ஒரு வருஷமாக அதற்குத்தான் அழுதேன். இப்போது அது தப்பாக இருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

உருளையில் நிற்காதீர்கள். தயவுசெய்து.

*

மார்ச் 2

மிளகாய்க்கு,

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நேற்றுதான் சின்னவளின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தேன். பஸ் வருவது தூரத்தில் தெரிகிறது, எண்ணைக்கூடப் படிக்கிறேன். வேறென்ன வேண்டும்?

கால் இறுதியில் ஒன்றுக்கு பூஜ்யம். ஒரு கோல் விடவில்லை. குருடி நின்று காத்த கோலா அது?

நீ ஏன் இப்படி எழுதுகிறாய் என்று யோசித்தேன். அரை இறுதியில் நாம் மோத வேண்டியிருக்கும் என்று உனக்கும் தெரியும். கோல்கீப்பரை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உன் புது ஆட்கள் சொல்லிக் கொடுத்தார்களா, உன் சொந்த மூளையா? நீ கை காட்டினாய் என்று ஆக வேண்டும், அதற்கு என் கண் போக வேண்டுமா?

கரண்டி வைத்து விளையாட எனக்கு நேரமில்லை. மூன்று ஷிப்டுக்கு இரண்டு ஆள்தான் இருக்கிறோம்.

அண்ணி

*

மார்ச் 8

அண்ணிக்கு,

நாங்களும் ஜெயித்துவிட்டோம். இருபத்து நாலாம் தேதி உங்கள் மைதானத்தில். சந்தோஷமா?

ஊசி நேரே இருக்கிறது. பஸ் நேரே வருகிறது. நான் கேட்டது ஓரம். காது கேட்கிறதா என்று கேட்டால் மூக்கு நன்றாக மணக்கிறது என்கிறீர்கள்.

யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் நேற்று எல்லோரையும் உட்கார வைத்து, "சலவைக்கூடத்து கோல்கீப்பரைப் பத்தி உனக்குத் தெரியாததா? எதுல வீக்கு, சொல்லு" என்று என்னைக் கேட்டார். "ஒண்ணுலயும் இல்லை" என்றேன். எனக்குச் சோறு போடுகிற இடத்தில் நின்று பொய் சொன்னேன், அண்ணி. உங்களுக்காக. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் இப்படிப் பேசுகிறது.

சரி, கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்களுக்குப் பயமும் இருக்கக் கூடாது. இதோ எழுதுகிறேன்: அன்றைக்கு எங்களுக்குப் பெனால்டி கிடைத்தால் நான்தான் அடிப்பேன், உங்கள் இடது பக்கம்தான் அடிப்பேன். தரையோடு, கம்பத்தை ஒட்டி. கையைக் காட்டினேன் என்றால் காட்டவில்லை என்கிறீர்கள். இப்போது எழுத்திலேயே காட்டியாயிற்று. பிறகு வந்து, இவள் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே நின்றாள் என்று ஊரைக் கூட்டாதீர்கள்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதியது எழுதியதுதான். என்னிடம் அந்த ஒரு வீம்புதான் மிச்சம்.

*

மார்ச் 16

மிளகாய்க்கு,

கரண்டியைப் பார்க்கவில்லை.

உன்னைப் பொய்யாக்கத்தான் உட்கார்ந்தேன். சின்னவளுக்கு ஒரே உற்சாகம், மந்திரவாதி மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஆணியைப் பார்த்தேன். "வாடி, வா" என்றேன். "வந்துட்டேன்மா" என்றாள். "இன்னும் வா." "வந்துட்டேன்மா." குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது, கரண்டியைக் காணோம். விளையாடுகிறாள் என்று நினைத்து அதட்டத் திரும்பினேன். என் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கரண்டி நின்றுகொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

உன் அண்ணன் மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். டாக்டரம்மாள் தாளை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு, "நேர் பார்வை நல்லாத்தான் இருக்கும்மா. இடது கண்ணுல ஓரம் போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா போனதால உங்களுக்கே தெரியலை" என்றாள். போனது வராதாம். இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாமாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ஒண்ணு ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்" என்றாள். உன் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தில் பந்து படுகிற வேலை இனி வேண்டாம் என்கிறாள். இருபத்து நாலாம் தேதிவரை மட்டும் என்று கெஞ்சினேன். "நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்று எழுந்துவிட்டாள்.

நான் ஆடத்தான் போகிறேன். திட்டாதே. ஒட்டடைக்குச்சியின் விரலில் போட்ட கட்டு இருபத்தாறாம் தேதிதான் பிரிக்கிறார்கள். வேறு கோல்கீப்பர் கிடையாது. நான் நிற்காவிட்டால் பதினொரு பேரும் நின்ற இடத்திலேயே தோற்க வேண்டும். அதுவும் அவள் விரல் என்னை இழுக்கப் போய்ப் பிசகியது. உருளைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன், தோள் வலி என்று சொல்லியிருக்கிறேன். டிரைவரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னை மைதானத்தில் இறக்க மாட்டார்.

உனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் பாவம் பார்த்து வலது பக்கம் அடித்தாயோ, அப்புறம் உனக்கு அண்ணி கிடையாது.

போன வருஷத்துப் பேச்சு. நீ கை காட்டினாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஓடி வந்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கவில்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது.

உன் அண்ணி

*

மார்ச் 20

அண்ணி,

அழுதேன். அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆடாதீர்கள். ஒரு அரை இறுதிக்காக மீதிக் கண்ணைப் பணயம் வைப்பீர்களா? சின்னவளை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஆடுவீர்கள். நாளைக்கே ஆஸ்பத்திரி மொத்தமும் வந்து கும்பிட்டாலும் ஆடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் அணியில் ஒருத்தி, ஐஸ் பெட்டி தூக்குகிறவள், இந்தக் கோப்பைக்காக மூன்று மாதமாக விடியலில் எழுந்து ஓடுகிறாள். தினமும் என்னிடம் வந்து, "ஜெயிச்சிடுவோம்ல?" என்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.

அதனால் எழுதியதை மாற்ற மாட்டேன். பெனால்டி கிடைத்தால் இடது பக்கம்தான். வலது பக்கம் அடித்தால் அவளுக்குத் துரோகம். இடது பக்கம் அடித்தால் உங்களுக்கு. பெனால்டியே கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். முன்வரிசையில் ஆடுகிற எவளாவது இப்படி வேண்டுவாளா?

"பார்க்கவில்லை" எனக்குப் போதாது. "பார்க்கவில்லை" என்பது உங்களைப் பற்றியது. "காட்டினாய்" என்பதுதான் என்னைப் பற்றியது. அதற்குக் கண் வேண்டாம், அண்ணி. என்னோடு ஏழு வருஷம் ஒரே உருளையில் நின்றீர்கள். நான் காட்டாத கையைக் காட்டினேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா?

மைதானத்தில் பார்ப்போம். நான் பார்க்கிறேன், நீங்கள் நேரே மட்டும் பாருங்கள். இதைச் சிரிப்பதற்காக எழுதினேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

*

மார்ச் 25

என் மிளகாய்க்கு,

நேற்று நீ கை குலுக்காமல் போய்விட்டாய். பஸ் ஜன்னலில் உன் தலை தெரிந்தது. திரும்புவாய் என்று நின்றேன். திரும்பவில்லை.

நீ மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்தாய், என் பக்கம் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். உங்களுடைய அந்த ஒன்றும் என் இடது பக்கம்தான் போனது, அதை அடித்தது நீ இல்லை, என் கண் விஷயம் தெரியாமல் அடித்தவள். அதற்குப் பிறகு நான் தலையைக் கோழி மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தேன். டிரைவர் வெளியிலிருந்து, "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கத்தினார். கழுத்து வலித்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

முடியப் போகிற நேரத்தில் எங்கள் பின்வரிசைக்காரி உங்கள் ஐஸ் பெட்டிக்காரியின் காலைத் தட்டிவிட்டாள். விசில். பெனால்டி.

நீ பந்தை எடுத்துக்கொண்டு வந்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. பந்தை வைத்தாய், ஒருமுறை எடுத்தாய், மறுபடியும் வைத்தாய். ஒட்டடைக்குச்சி கட்டுப் போட்ட கையோடு கம்பத்துக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும், நீ எழுதியிருக்கிறாய். ஆனால் மனசு என்ன பாடு படுத்தியது தெரியுமா? கோபத்தில் எழுதியது, மாறியிருப்பாள் என்றது. இல்லை, அப்படி எழுதி என்னை இடது பக்கம் இழுத்துவிட்டு வலது பக்கம் தள்ளுவாள், கெட்டிக்காரி என்றது. பாவம் பார்த்து வலது பக்கம் அடிப்பாள் என்றது. நீ ஓடி வருவதற்குள் மூன்றையும் நம்பினேன். உன் கால் தூக்கியபோது எல்லாம் போய் ஒன்றுதான் நின்றது: ஒரு வருஷமாக இவள் ஒரே வார்த்தையில் நிற்கிறாள். வேலை போயும், வீடு போயும் மாற்றவில்லை. இவளா இதை மாற்றுவாள்?

இடது பக்கம் சாய்ந்தேன். பந்தை நான் பார்க்கவே இல்லை, மிளகாய். கையுறையில் சுள்ளென்று பட்டது. கம்பத்தில் மோதிய சத்தம் கேட்டது. எல்லோரும் என் மேல் வந்து விழுந்த பிறகுதான் பிடித்துவிட்டேன் என்று தெரிந்தது.

அவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் பெஞ்சில் ஏறி நின்றேன். என் உயரத்துக்கு ஏறினால்தான் கேட்பார்கள். "போன வருஷம் மிளகாய் கை காட்டினா" என்றேன். ஒருத்தி, "நீங்கதானே காட்டலைன்னு சொன்னீங்க?" என்றாள். "சொன்னேன். நான் பார்க்கலை. என் இடது கண்ணு ஓரத்துல ஒண்ணும் தெரியாது. அவ காட்டினா" என்றேன். டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பார்க்காம காட்டினான்னு எப்படிம்மா சொல்றே?" என்று கேட்டார். "இப்ப பந்தைப் பார்த்தா பிடிச்சேன்?" என்றேன்.

ஒட்டடைக்குச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நானும் காட்டினேன்க்கா" என்றாள். "ஆமாடி, நீயும் காட்டினே" என்று கையுறையைக் கழற்றி அவள் மடியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் அவள்தான் நிற்பாள். நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். நான் இனி கோல் பக்கம் இல்லை. உருளைப் பக்கமும் இல்லை. அழுக்குத் துணி பிரிக்கிற மூலையில் உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நீ உட்கார்ந்த அதே ஸ்டூல். ஒரு கால் ஆடுகிறது, சொல்லியிருக்கக் கூடாதா?

உன் கோப்பையை நான் பிடுங்கிவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதினேன், அடித்தேன். நேரில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. ஆட்டம் பார்க்க வேண்டாம், வீட்டுக்காவது வா.

உன் அண்ணி

*

மார்ச் 28

அண்ணி,

ஒரு வருஷம் முழுக்க என்னை நம்புங்கள், நம்புங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். நம்புவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா உங்களுக்கு? போன வருஷம் நம்பாமல் தோற்க வைத்தீர்கள். இந்த வருஷம் நம்பித் தோற்க வைத்துவிட்டீர்களே!

பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. சூப்பர்வைசர் மட்டும் முன் சீட்டிலிருந்து திரும்பி, "அந்தம்மா நீ அடிக்கறதுக்கு முந்தியே சாஞ்சுட்டாங்களே, எப்படி?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். எதுவோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஐஸ் பெட்டிக்காரி தூங்கி என் தோளில் சாய்ந்தாள். அவளிடம் நான் என்றைக்காவது சொல்லியாக வேண்டும், கோபத்தில் எழுதிய ஒரு வரியால் அவள் கோப்பை போயிற்று என்று. இப்போது தைரியமில்லை.

திரும்பிப் பார்க்காதது கோபத்தால் இல்லை. பந்து உங்கள் கையில் பட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று கைதட்டிவிட்டது. எங்கள் ஆட்கள் அழும்போது என் முகம் சிரித்துவிடுமோ என்று பயந்துதான் குனிந்துகொண்டு ஓடினேன்.

உங்கள் கடிதத்தில் "அவ காட்டினா" என்ற இடத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறும்.

ஸ்டூலின் ஆடுகிற காலுக்கு அடியில் பழைய துணி மடித்து வைத்திருந்தேன். சுவரோரம் விழுந்து கிடக்கும், பாருங்கள். இடது பக்கம். தலையை நன்றாகத் திருப்பிப் பாருங்கள்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுகிறேன். சின்னவளிடம் பூட்ஸிலிருந்து பென்சில்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அண்ணனிடம், "விளையாட்டுதானே" என்று வாயைத் திறந்தால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று சொல்லுங்கள்.

ஆட்டம் பார்க்கத்தான் வருகிறேன், வீட்டுக்கும்தான். மைதானத்தில் உங்கள் இடது பக்கத்து நாற்காலியை யாருக்கும் கொடுக்காதீர்கள். அங்கே நான் உட்காருவேன். அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் நான் சொல்கிறேன். நீங்கள் நம்புங்கள், போதும்.

உங்கள் மிளகாய்